தண்ணீர் திரும்பும் நாள்

"1936 பிப்ரவரி 18, செவ்வாய். யுவ வருஷம் மாசி 6. காலை ஏழு மணி. வாடைக்காற்று இன்னும் விடவில்லை, ஆனால் தளர்ந்திருக்கிறது. மணலில் பனி ஈரம். தண்ணீர் வடக்கேயிருந்து தெற்கே மெதுவாக ஓடுகிறது. நிறம் கலங்கல். பெரிய வலை இறங்கவில்லை. தண்ணீர் பார்ப்பவர் என்னிடம் ஒரு விஷயம் கேட்டார்."

இது என் குறிப்பு நோட்டில் உள்ளது. கேட்டது என்ன என்று அன்று எழுதவில்லை. எழுதாததற்குக் காரணம் மறைப்பதற்கு ஏதோ இருந்தது என்பதல்ல. அது பெரிய விஷயமாகும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அந்த நாட்களில் நான் பாகூர் மேரியில் எழுத்தர். பிரெஞ்சு ஆட்சியின் ஊராட்சி அலுவலகத்தை, கொம்யூன் அலுவலகத்தை, எங்கள் பக்கத்தில் மேரி என்றுதான் சொல்வார்கள். பிறப்பு, இறப்பு, கல்யாணம் மூன்றையும் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. விதிப்படி குழந்தை பிறந்த வீட்டார் அலுவலகத்துக்கு வந்து சொல்லவேண்டும். உழவர்கள் வந்துவிடுவார்கள். கடற்கரைக் குப்பத்தார் வரமாட்டார்கள். மீன்பாடு நன்றாக இருந்தால் நேரமில்லை, இல்லாவிட்டால் மனமில்லை. ஆகவே வாரத்தில் ஒருநாள், செவ்வாய்க்கிழமை, நானே சைக்கிளில் போய் விவரங்களைக் கேட்டு எழுதிக்கொள்வேன். பிறகு அவர்கள் வசதிப்படி வந்து கைநாட்டு வைப்பார்கள். பாகூரிலிருந்து கிருமாம்பாக்கம், அங்கே கடலூர்ச் சாலையைக் கடந்து கிழக்கே போனால் சவுக்குத் தோப்பு, அதன்பின் மணல். மணலில் சைக்கிள் ஓடாது, தள்ளவேண்டும்.

பிறந்தவர் இறந்தவர் கணக்கு அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரத்துக்குக் கடல் இருந்தது. பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றில், கப்பலில் தினமும் காற்று, நீரோட்டம், வானம் மூன்றையும் எப்படிக் குறித்துவைப்பார்கள் என்று படித்திருந்தேன். நானும் அப்படிக் குறிக்கத் தொடங்கினேன். 1933 தொடக்கத்தில் முதல் நோட்டு.

தெரியாதவர்களுக்காக அந்தக் கரையின் மாசி மாதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் கடல் யாருக்கும் அடங்காது. மார்கழி, தையில் மழை நின்றுவிடும், வாடை நிற்காது. வடக்கேயிருந்து காற்று, அதோடு வடக்கேயிருந்து தெற்கே ஓடும் கலங்கிய தண்ணீர். மாசியில் ஒருநாள் வாடை ஓயும். தண்ணீர் இரண்டு மூன்று நாள் எந்தப் பக்கமும் போகாமல் நிற்கும். பிறகு தெற்கேயிருந்து வடக்கே ஓட ஆரம்பிக்கும். இதைத்தான் "தண்ணி திரும்பிடுச்சு" என்பார்கள். திரும்பினால் தண்ணீர் தெளியும். கவளை மீன் கூட்டம் கூட்டமாகக் கரையருகே வரும். கட்டுமரக்காரர்கள் எல்லா நாளும் ஏதோ கொண்டுவருவார்கள். ஆனால் பெரிய வலைக்கு இந்தக் கவளைதான் வருஷத்தின் முதல் நல்ல பாடு.

பெரிய வலை என்பது கரையிலிருந்து இழுக்கும் வலை. ஒரு முனைக் கயிறு கரையில் நிற்பவர்கள் கையில் இருக்கும். தைத்த பலகைப் படகில் வலையை ஏற்றிக்கொண்டு போய், மீன்கூட்டத்தைச் சுற்றி அரைவட்டமாக இறக்கி, மறுமுனையைச் சற்றுத் தள்ளி வேறிடத்தில் கரைக்குக் கொண்டுவருவார்கள். இரண்டு முனையையும் நாற்பது ஐம்பது பேர் இழுப்பார்கள். குப்பத்தில் அத்தனை ஆள் கிடையாது. கிருமாம்பாக்கம் பக்கத்து வயலாட்கள், ஆணும் பெண்ணும், வந்து கயிறு பிடிப்பார்கள். பங்கு மீனாகவே கிடைக்கும்.

படகில் இருப்பவர்களுக்கு மீன்கூட்டம் தெரியாது. அலை மட்டத்தில் உட்கார்ந்தவனுக்கு எல்லாம் ஒரே தண்ணீர்தான். கரையில் மணல்மேட்டில் நிற்பவருக்குத்தான் கறுப்பாகப் படர்ந்து நகர்வது தெரியும். அந்த ஆளின் கையில் ஒரு துண்டுத் துணி இருக்கும். அதை உயர்த்தினால் படகு இறங்கும். எந்தப் பக்கம் வீசுகிறாரோ அந்தப் பக்கம் போகும். தாழ்த்தினால் வலை விழும். அவரைத்தான் நான் தண்ணீர் பார்ப்பவர் என்று எழுதியிருக்கிறேன். நாற்பது வயதுக்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். முன்பு கட்டுமரம் ஏறியவர். ஒரு ஐப்பசியில் மரம் கவிழ்ந்து முட்டியில் அடித்ததிலிருந்து வலது கால் முழுதாக மடங்காது. கட்டுமரத்தில் மண்டியிடமுடியாது, கயிறு இழுக்கக் காலை ஊன்றமுடியாது. மேட்டில் நிற்கமுடியும். ஆகவே துணி அவர் கைக்கு வந்தது, ஏழு வருஷமாக இருந்தது.

அந்த வருஷம் தை மாதத்தில் அவர் இரண்டு தடவை தவறினார். இரண்டு தடவையும் துணி ஏறியது, படகு இறங்கியது, வலை வந்தது. முதல் தடவை வெறும் தழை, பாசி. இரண்டாவது தடவை வலை முழுக்கச் சொறி. கஞ்சி உறைந்ததுபோலக் கடலில் மிதக்குமே, தொட்டால் அரிக்கும், அது. கயிற்றை இழுத்த நாற்பது பேருக்கும் முழங்கைவரை தடித்துவிட்டது. நான் அடுத்த செவ்வாய் போனபோது வயலாள் பெண் ஒருத்தி கிருமாம்பாக்கத்திலேயே என்னை நிறுத்திக் கையைக் காட்டினாள்.

"பாருங்கய்யா. பங்கு குடுத்தாங்க. வூட்டுக்குக் கொண்டாந்து இன்னிவரைக்கும் சொறிஞ்சிக்கினு இருக்கேன். மேரில எழுதுங்க இதயும்."

அதன்பிறகு வயலாட்கள் கரையில் வந்து காத்திருக்க மறுத்துவிட்டார்கள். முன்பெல்லாம் மாசி பிறந்தால் விடியலில் வந்து மணலில் உட்கார்ந்துகொள்வார்கள், மீன் வந்தால் இழுப்பார்கள், வராவிட்டால் வெயில் ஏறும் முன் வயலுக்குப் போவார்கள். அந்த வருஷம் கரும்பு வெட்டு வேறு நடந்துகொண்டிருந்தது. நாளைச் சொல்லி அழைத்தால் வருகிறோம், சும்மா உட்கார வரமாட்டோம் என்றார்கள். குப்பத்தின் தலைவரை நாட்டார் என்பார்கள். அவர் அம்மன் கோயில் முன்னால் எல்லோரையும் வைத்துக்கொண்டு முடிவு சொன்னார்: மாசி மகத்துக்குள் ஒரு நல்ல வலை வரவேண்டும். எந்த நாள் என்று தண்ணீர் பார்ப்பவர் முன்கூட்டியே சொல்லவேண்டும். சொன்னால் ஆளை வரவழைப்பது நாட்டார் பொறுப்பு. மகத்துக்குள் வராவிட்டால் துணி மச்சான் கைக்குப் போகும்.

மச்சான் என்றது தண்ணீர் பார்ப்பவருடைய மனைவியின் தம்பியை. முப்பது வயது, கூரிய கண், கூரிய நாக்கு. அவன் கெட்டவன் என்று நான் எழுதினால் அது பொய். அவனுக்கும் மேட்டில் நிற்க ஆசை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 18 அன்று நான் நோட்டை மூடும்போது தண்ணீர் பார்ப்பவர் வந்து பக்கத்தில் நின்றார். உட்காரமாட்டார், உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும்.

"ஐயா, அந்தப் பொஸ்தகத்துல தண்ணி திரும்புன நாளெல்லாம் எழுதி வெச்சிருக்கீங்களா?"

"மூன்று வருஷத்துக்கு இருக்கு."

"தமிழ் மாசத்துல சொல்லுங்க. உங்க வெள்ளக்கார மாசம் எனக்கு ஆவாது."

படித்துச் சொன்னேன். 1933-ல் மாசி 17. 1934-ல் மாசி 23. 1935-ல் மாசி 14.

அவர் மணலைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். "பதினாலு வந்த வருசம் வாட தையிலேயே வுட்டுடுச்சு. அதத் தள்ளுங்க. பதினேழு, இருபத்துமூணு. நடுவுல இன்னா?"

"இருபது."

"இந்த மாசம் இருபது என்னிக்கு வருது?"

பார்த்தேன். "மார்ச் 3. செவ்வாய்க்கிழமை. மகம் அதே வாரம் சனிக்கிழமை."

"நல்லதாப் போச்சு. நீங்களும் வர்ற நாளு." அவர் நாட்டார் வீட்டுப் பக்கம் நடந்தார்.

என்னுடைய நோட்டை யாரும் அதற்குமுன் எதற்கும் பயன்படுத்தியதில்லை. என் மனைவி அதற்கு "மீன் ஜாதகம்" என்று பெயர் வைத்திருந்தாள். கரையிலிருந்து திரும்பும்போது மணலில் சைக்கிளைத் தள்ளியது அன்று பாரமாகவே தெரியவில்லை.

வழியில் தண்ணீர் பார்ப்பவரின் மனைவி கூடையோடு முன்னால் நடந்துகொண்டிருந்தாள். பாகூருக்கு மீன் கொண்டுபோய் விற்பவள் அவள்தான். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"பொஸ்தகத்தப் பாத்தா நாள் சொன்னாரு?" என்றாள்.

"ஆமாம்மா. மூன்று வருஷக் கணக்கு."

"அந்த மனுசன் மூணு வேள சோத்துக்கே என்னக் கேட்டுத்தான் பசிக்குதான்னு தெரிஞ்சிக்குவாரு. தண்ணிய மட்டும் யாரையும் கேட்டதில்ல. இப்ப அதயும் கேக்க ஆரம்பிச்சுட்டாரா." கூடையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு முன்னே போய்விட்டாள்.

பிப்ரவரி 25, செவ்வாய். என் குறிப்பு: "காலையில் வாடை இல்லை. பத்து மணிக்குமேல் எழுந்து மூன்று மணிக்கு அடங்குகிறதாம். தண்ணீர் தெற்கே போகிறது, ஆனால் மிக மெதுவாக. கட்டுமரங்களுக்குக் கொஞ்சம் சங்கரா, கொஞ்சம் காரப்பொடி மீன். வானம் சுத்தம்." அன்று மச்சான்காரன் பெரிய வலையை விரித்துக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டான். கும்பிட்ட விதத்தில் கிண்டல் இருந்தது.

"வாங்கய்யா. எங்க மாமாவுக்கு நாளு குறிச்சுக் குடுத்தீங்களாமே. எனக்கும் ஒரு பொண்ணு பாத்து நாளு குறிச்சிடுங்க."

"உனக்குத்தான் ஆயிடுச்சேடா," என்றது வலையின் மறுபக்கத்திலிருந்து ஒரு குரல்.

"அது சொறி வலடா. இப்ப நல்ல வல கேக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மேட்டிலிருந்த தண்ணீர் பார்ப்பவரும் சிரித்தார். மச்சான்காரனின் மனைவி அந்தப் பக்கம்தான் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள். ஒரு பிடி ஈர மணல் பறந்துவந்து அவன் முதுகில் விழுந்தது.

மார்ச் 2, திங்கட்கிழமை பிற்பகல், அலுவலகத்தில் பதிவேட்டின் இரண்டாம் பிரதியை எழுதிக்கொண்டிருந்தேன். எல்லாப் பதிவும் இரண்டு பிரதி. ஒன்று புதுச்சேரிக்குப் போகவேண்டும். கடற்கரைக் குழந்தைகளின் பக்கத்துக்கு வந்தபோது ஓரத்தில் நானே பென்சிலில் குறித்திருந்த தேதிகள் கண்ணில் பட்டன. நான் அங்கே போய் விவரம் கேட்ட நாட்கள். அவற்றில் ஒன்று 1935 பிப்ரவரி 26. அந்தத் தேதியை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. நோட்டை எடுத்தேன். அதே தேதியில்தான் "இன்று தண்ணீர் திரும்பியது" என்று எழுதியிருந்தேன்.

மற்ற இரண்டையும் பார்த்தேன். 1933 பிப்ரவரி 28. 1934 மார்ச் 6. முதல் மூன்று வருஷம் நான் கிழமை எழுதவில்லை. கிழமை எழுதும் பழக்கம் 1936-ல்தான் வந்தது. அலமாரியில் பழைய காலண்டர்கள் கிடந்தன. எடுத்துத் தூசி தட்டிப் பார்த்தேன். மூன்றும் செவ்வாய்க்கிழமை.

விளங்கிவிட்டது. மூன்று வருஷமும் தண்ணீர் எந்த நாளில் திரும்பியது என்பது எனக்குத் தெரியவே தெரியாது. நான் போன நாளில் "திரும்பிடுச்சு" என்றார்கள். நான் அந்த நாளின் தேதியைப் போட்டுக்கொண்டேன். முந்தின புதன்கிழமை திரும்பியிருக்கலாம், ஞாயிற்றுக்கிழமையாகவும் இருக்கலாம். ஒவ்வொரு தேதியிலும் ஆறு நாள்வரை பிழை. பிறப்புப் பதிவில், குழந்தை பிறந்த நாள் வேறு, பதிந்த நாள் வேறு என்று தினமும் இரண்டு தேதி எழுதுகிறவன் நான். கடலுக்கு மட்டும் ஒரே தேதி எழுதியிருந்தேன்.

இதை ஒரு சின்ன விஷயமாக நினைக்க முயன்றேன், முடியவில்லை. அந்த மூன்று தேதிகளை நம்பி ஒரு மனிதர் ஒரு நாளைச் சொல்லியிருக்கிறார். அந்த நாள் தவறினால் அவருக்கு அந்தக் கரையில் நிற்க இடமில்லை.

மார்ச் 3 அன்று வழக்கத்தைவிட முன்னதாகப் புறப்பட்டேன். கிருமாம்பாக்கத்தைத் தாண்டும்போது கரும்புத் தோட்டத்துப் பெண்கள் கூட்டமாக முன்னால் நடந்தார்கள். நாட்டார் சொன்னபடி ஆளை வரவழைத்திருந்தார். கரைக்குப் போனபோது காற்றே இல்லை. பனி மேலே எழும்பாமல் தண்ணீர்மேல் படுத்திருந்தது. அலை கரையில் சத்தமில்லாமல் ஏறி இறங்கியது. வலை மடிக்கப்பட்டுப் படகில் ஏறியிருந்தது. ஐம்பது பேருக்குமேல் மணலில் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் நேராக மேட்டுக்குப் போனேன். துணியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"நான் சொன்ன தேதியெல்லாம் தப்பு," என்றேன். "தண்ணீர் திரும்பின நாள் இல்லை அது. நான் இங்கே வந்த நாள். மூன்றும் செவ்வாய்க்கிழமை. நேற்றுத்தான் பார்த்தேன்."

அவர் புரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரமாயிற்று. பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

"அப்ப நீங்க வர்ற நாளாப் பாத்துத்தான் வருசா வருசம் தண்ணி திரும்பியிருக்குது."

"அப்படித்தான் எழுதியிருக்கிறேன்."

"தண்ணிக்கு உங்க மேல அவ்வளோ மரியாதயா ஐயா?" சிரிப்பு வந்து அடங்கியது. "இத எல்லாரும் இங்க வந்து குந்தினதுக்கப்புறம் சொல்றீங்களே."

அவர் மேட்டிலிருந்து காலை இழுத்து இறங்கித் தண்ணீரோரம் போனார். கிடந்த தேங்காய் மட்டை ஒன்றை எடுத்து முடிந்தவரை தூரமாக வீசினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மட்டை விழுந்த இடத்தில் கிடந்தது. அலைக்கு ஏறியது, இறங்கியது. வடக்கும் போகவில்லை, தெற்கும் போகவில்லை. வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு மேட்டுக்குத் திரும்பினார்.

"நிக்கிது," என்றார், யாரிடமும் இல்லாமல்.

பனி விலகியது. சூரியன் ஒரு சாண் ஏறியிருக்கும். மச்சான்காரன் படகின் விளிம்பில் ஏறி நின்றவன் கத்தினான்:

"மாமா! வடகிழக்கால பாரு. கறுப்பு!"

எல்லோரும் எழுந்தார்கள். எனக்குக்கூடத் தெரிந்தது. கரையிலிருந்து நல்ல தூரத்தில் தண்ணீர் ஒரு இடத்தில் மட்டும் இருண்டிருந்தது. படகுக்காரர்கள் படகில் தோள் வைத்துவிட்டார்கள். துணிக்காகக் காத்திருந்தார்கள்.

துணி அக்குளிலேயே இருந்தது.

"மாமா, தூங்கறியா? ஏத்து!"

"அதுமேல ஒரு பறவ இல்ல," என்றார் தண்ணீர் பார்ப்பவர்.

"பறவ உங்க வூட்டு வாசல்ல வந்து சொல்லுமா? ஏத்து மாமா!"

நாட்டார் மேட்டடிக்கு வந்தார். பெருத்த உடம்பு, நிதானமாகப் பேசுகிறவர். "இன்னா சொல்ற?"

"தண்ணி நிக்கிது. நிக்கிற தண்ணில சொறிதான் சேரும். ஏத்தமாட்டேன்."

"நாள நீதான் சொன்ன."

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்."

என் பெயரை அவர் எடுக்கவில்லை. நான்தான் முன்னால் போய், பிழை என்னுடையது, என் நோட்டில் தேதிகள் தவறு என்று எல்லோர் காதிலும் படச் சொன்னேன். நாட்டார் என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நீங்க பொறந்தவன் செத்தவன எழுதுங்க. கடலு இன்னும் ரெண்டும் ஆவல."

ஐம்பது பேரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. சிரித்துக்கொண்டே எழுந்து மணலைத் தட்டினார்கள். கரும்புத் தோட்டத்துப் பெண் ஒருத்தி போகிறபோக்கில், "அங்கயே வெட்டிக்கினு இருந்தா ஒரு துண்டு கரும்பாவது கடிச்சிருப்பம்," என்றாள்.

நாட்டார் தண்ணீர் பார்ப்பவரிடம் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குக் கேட்டது. "சனிக்கெழம சாமி தீர்த்தவாரிக்கு வருது. அன்னிக்கு யாரும் கடல்ல வல எறக்க முடியாது. வெள்ளிவரைக்கும்தான். இந்த ஆளுங்கள இன்னொரு தடவ நான் கூப்புட்டா வரமாட்டாங்க. குப்பத்து ஆளுங்கள வெச்சு இழுத்துக்கோ."

நான் பிறப்பு இறப்பு விவரங்களைக் கேட்டு முடிக்கப் பதினொரு மணி ஆயிற்று. கிளம்பும்போது கரையோரம் இரண்டு மூன்று சொறி ஒதுங்கிக் கிடந்தது. மச்சான்காரன் அதைக் குச்சியால் புரட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். அன்று கும்பிடவில்லை, கிண்டலும் செய்யவில்லை. அவன் பார்த்த கறுப்பு அதுதானா என்று நானும் கேட்கவில்லை.

மார்ச் 6, வெள்ளிக்கிழமை பிற்பகல், மூன்று மணி இருக்கும், அலுவலகத்துக்குள் கவளை வாசனை வந்தது. வெளியே வந்து பார்த்தால் கடைத்தெருவில் நான்கு கூடைக்காரிகள். தண்ணீர் பார்ப்பவரின் மனைவி மரத்தடியில் கூடையை இறக்கியிருந்தாள். கூடைக்குமேலும் மீன், விளிம்பில் வாழையிலை வைத்துத் தடுத்திருந்தாள். மறுநாள் மகம், பாதி ஊர் மீன் தொடாது. இருந்தும் கூட்டம் நின்றது.

"வந்துச்சு," என்றாள் என்னைக் கண்டதும். "தண்ணி நேத்து சாயந்தரமே திரும்பிடுச்சாம். விடியக்காலம் வல இறக்கினாங்க. ஆளு பத்தாம கெழவிங்கெல்லாம் கயிறு புடிச்சாங்க. கர தெரியல ஐயா, ஒரே மீனு."

"துணி?"

"எது துணி?"

"துணி யார் கையில் இருக்கிறது?"

"எங்க வூட்டுக் கொடில காயுது," என்றாள். பிறகு ஒருத்தி விலை கேட்டாள், அவள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

அடுத்த செவ்வாய், மார்ச் 10, கரைக்குப் போனேன். தண்ணீர் வடக்கே போனது. தெளிவாக இருந்தது, முழங்கால் ஆழத்தில் என் பாதம் தெரிந்தது. தெற்கேயிருந்து லேசான காற்று. மணல்மேட்டில் இரண்டு பேர் நின்றார்கள், மாமனும் மச்சானும். துணி மாமன் கையில் இருந்தது. நாட்டார் சொல்லிவிட்டாராம், அது அங்கேயே இருக்கட்டும், சின்னவனும் கூட நிற்கட்டும் என்று. 1941-ல் எனக்கு வில்லியனூருக்கு மாற்றல் ஆகும்வரை அந்த ஏற்பாடு மாறவில்லை.

அன்று நான் நோட்டில் புதிதாக ஒரு கோடு போட்டு இரண்டு கட்டமாகப் பிரித்தேன். ஒன்றில் "பார்த்தது", மற்றொன்றில் "கேட்டது". அதன்பிறகு என் எல்லா நோட்டும் அப்படித்தான் இருக்கிறது. "தண்ணீர் திரும்பியது: மார்ச் 5, வியாழன் மாலை" என்பதைக் கேட்டது கட்டத்தில் எழுதினேன். எட்டுப் பேரைக் கேட்டேன். மகத்துக்கு இரண்டு நாள் முன்னால் என்று எட்டுப் பேரும் ஒரேமாதிரி சொன்னார்கள். அந்தத் தேதியை நம்பலாம்.

வெள்ளிக்கிழமை வலையைப் பற்றி விசாரித்தபோதுதான் சிக்கல் வந்தது. படகுக்காரர்களில் ஒருவன், "பெரியவருதான் ஏத்தினாரு, நான் கண்ணால பாத்தேன்," என்றான், மாமனைச் சொல்லி. அவன் படகில் முதுகைக் கரைக்குக் காட்டி உட்கார்ந்து துடுப்புத் தள்ளுகிறவன். கயிறு பிடித்த ஒரு கிழவி, பெரியவர் துணியைச் சின்னவன் கையில் கொடுத்தார், சின்னவன்தான் தலைக்குமேல் உயர்த்தினான் என்றாள். அவளுக்குச் சின்னவன் தங்கை மகன். இன்னொருத்தி, சின்னவன் "கறுப்பு" என்று கத்தினான், பெரியவர் "இரு, இரு" என்று நிறுத்திவைத்து, பறவை தண்ணீரில் விழுந்தபிறகுதான் துணி ஏறிற்று, யார் கை என்று பனியில் தெரியவில்லை என்றாள். நாட்டாரைக் கேட்டேன்.

"மீனத் தின்னீங்களா?" என்றார்.

"தின்றேன்."

"நல்லா இருந்துச்சா?"

"நன்றாக இருந்தது."

"அவ்வளோதான் ஐயா."

மச்சான்காரனைக் கேட்டதற்கு, மாமாவைக் கேளுங்கள் என்றான். தண்ணீர் பார்ப்பவர் கடலிலிருந்து கண்ணை எடுக்காமல், "துணி ஏறிச்சு, வல எறங்குச்சு. எழுதிக்குங்க," என்றார். அவர் மனைவியிடம் பிறகு ஒருநாள் பாகூரில் கேட்டேன். "எனக்குப் புருசனும் வேணும் தம்பியும் வேணும். ரெண்டு பேருக்கும் நான்தான் சோறு போடறேன். என்ன இதுல இழுக்காதீங்க," என்றாள். அதற்குமேல் கேட்பது முறையல்ல.

ஆகவே 1936 மார்ச் 6-ந் தேதிக்கு எதிரே, துணியை உயர்த்தியவர் யார் என்ற இடத்தில், என் நோட்டில் இரண்டு கட்டமும் காலியாக இருக்கின்றன. சொன்னவர்கள் ஒவ்வொருவருக்கும் அப்படிச் சொல்ல ஒரு காரணம் இருந்தது, சொல்லாதவர்களுக்கும் இருந்தது. தண்ணீர் பார்ப்பவரே உயர்த்தினார் என்றுதான் எனக்கு நம்ப ஆசை. ஆனால் அதை உறுதி செய்ய என்னால் இதுவரை முடியவில்லை.